குல்லா போடாம ஒரு தொப்பி!

பொங்கல் லீவு முடிஞ்சு காலேஜ் திறந்தாச்சுன்னா போதும்... தாம்பரத்துல ஆரம்பிச்சு செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோடு பூரா ஒரு காய்ச்சல் பரவும். சிம்போசியம் காய்ச்சல், கல்ச்சுரல்ஸ் காய்ச்சல், ஃபைனல் இயருக்கு மட்டும் வர்ற ஃபேர்வெல் காய்ச்சல்! அந்த நேரம் பார்த்து கிளாஸ்ல ஒருத்தர் எழுந்து, “டீ-ஷர்ட்டை எல்லா டிபார்ட்மென்ட்டும்தான் அடிக்குது. நாம கேப் பண்ணுவோம்ப்பா... பிரின்ட் இல்ல, எம்பிராய்டரி!”னு ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார். பலத்த கைதட்டல். கைதட்டினவங்க எல்லாம் கேன்டீனுக்குப் போயிடுவாங்க. பொறுப்பு மட்டும் உங்க தலையில வந்து உட்காரும், தொப்பி மாதிரியே!

ஊரப்பாக்கத்துல நாலு பேரா ரூம் எடுத்துத் தங்கி, வண்டலூருக்கும் பொத்தேரிக்கும் தாம்பரத்துக்கும் ரயிலேறிப் படிக்கப் போற மக்களே... இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான்.

நம்ம பேச்சுல ‘குல்லா போடறது’ன்னா ஏமாத்துறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. தொப்பி ஆர்டர்ல ரெண்டு அர்த்தமும் சேர்ந்தேதான் வரும். விவரம் தெரியாம போனா, தைக்கிறவர் உங்களுக்குக் குல்லா போடலாம். விவரம் தெரிஞ்சும் அவசரப்பட்டா, நீங்களே உங்க கிளாஸ்ல சில பேருக்குக் குல்லா போட்டுடலாம். முதலாவதைத் தவிர்க்கிறது சுலபம். ரெண்டாவதுதான் விஷயமே!

தலைக்கு மேல ஒரு கதை

1860-ல அமெரிக்காவோட புரூக்ளின் எக்ஸெல்சியர்ஸ் பேஸ்பால் டீம், உருண்டையான மேல்பாகமும் கண்ணுக்கு நிழல் தர்ற முன்பகுதியுமா ஒரு தொப்பி போட்டு விளையாடினாங்க. இன்னிக்கு நாம போடுற கேப்புக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா. 1901-ல டெட்ராய்ட் டைகர்ஸ் டீம், தொப்பி மேல ஒரு சின்ன சிவப்புப் புலியை ஓட விட்டாங்க. வெயிலுக்காக வந்த தொப்பி, ‘நாங்க யாரு தெரியுமா?’ன்னு பேச ஆரம்பிச்சது அப்படித்தான்.

1996-ல சினிமா இயக்குநர் ஸ்பைக் லீ, ‘எனக்கு யாங்கீஸ் தொப்பி சிவப்பு கலர்ல வேணும்’னு நியூ எரா கம்பெனிகிட்ட கேட்டார். யாங்கீஸ் தொப்பின்னா கருநீலம்தான், வேற பேச்சே கிடையாது. ஒரே ஒரு ஆளுக்கான ஆர்டர் அது. அவர் அதை மாட்டிக்கிட்டு மேட்ச் பார்க்கப் போனதும், டீம் கலரைத் தாண்டி மனசுக்குப் பிடிச்ச கலர்ல தொப்பி கேட்கிற பழக்கம் சூடு பிடிச்சது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாள்ல அறிமுகமானாங்க. இந்தியாவோட 300-வது டெஸ்ட் வீரர் நடராஜன், 301-வது சுந்தர். அந்தத் தொப்பியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. டீம் மொத்தமும் சுத்தி நிக்க, ஒருத்தர் கையால கொடுக்க, வாங்கித் தலையில வெச்சுக்கணும். அந்தத் துணி என்ன விலைன்னு யாராவது கேட்பாங்களா? ‘இனிமே நீயும் எங்கள்ல ஒருத்தன்’ங்கிற வார்த்தைதான் அங்கே தொப்பியா மாறி வருது.

உங்க கிளாஸ் கேட்கிறதும் அதையேதான். இதை மனசுல வெச்சுக்குங்க. கடைசியில இங்கேயேதான் வந்து நிக்கப் போறோம்.

பஞ்சிங்னா என்ன?

நீங்க அனுப்புற படத்தை எம்பிராய்டரி மிஷின் அப்படியே தைச்சுடாது. ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து, ஊசி எங்க தொடங்கணும், எந்தப் பக்கம் ஓடணும், எங்க நூலை அறுக்கணும்னு தையல் தையலா வழி போட்டுத் தரணும். இந்த வேலைக்குப் பேரு ‘பஞ்சிங்’. ஒரு காலத்துல அட்டையிலயும் காகித நாடாவுலயும் ஓட்டை போட்டுத்தான் மிஷினுக்கு வழி சொன்னாங்க. அட்டை போயிடுச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு!

தொப்பிக்குன்னு தனியா பஞ்சிங் பண்ணணும். காரணம், சட்டைப் பாக்கெட் மாதிரி தொப்பி தட்டையா இருக்காது. கீழேயிருந்து மேலே, நடுவுலேருந்து ரெண்டு பக்கமும்... இப்படி ஊசி போனாத்தான் துணி சுருங்காது. ‘போன வருஷ டீ-ஷர்ட் ஃபைல் இருக்கு, அதையே போட்டுடலாம்’னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

மிஷினும் முக்கியம். பிளவுஸுக்கு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிற கடைங்க நம்ம புறநகர்ல நிறைய உண்டு. அழகாவே போடுவாங்க. ஆனா, தைச்சு முடிச்ச தொப்பியை மாட்டுறதுக்குத் தனி பிரேம் வேணும். அதனால கடைக்குள்ள நுழைஞ்சதும் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி, “அண்ணே, கேப் பிரேம் இருக்கா?” இந்த ஒரு கேள்வியிலேயே, ‘பரவால்லயே, தம்பி விவரமாத்தான் வந்திருக்கு’ன்னு அவருக்குப் புரிஞ்சிடும்.

பக்கத்துல கிடைக்கலைன்னா ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல ரயிலேறுங்க. மாம்பலத்துல இறங்கினா தி.நகர், கடைசி வரைக்கும் போய் பீச்ல இறங்கினா பாரிமுனை. மொத்த வியாபாரத் தெருக்கள்ல விசாரிச்சா ஆள் கிடைப்பாங்க. எண்ணிக்கை பெரிசுன்னா திருப்பூர் இருக்கவே இருக்கு. பனியன் ஊர்ல எம்பிராய்டரி யூனிட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனா, தூரமா கொடுத்தா சாம்பிளைக் கையில தொட்டுப் பார்க்கிறதுக்கே கூரியருக்குக் காத்திருக்கணும். சிம்போசியத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த விளையாட்டு வேணாம்.

காசு எங்க போகுது?

ஸ்கிரீன் பிரின்ட்ல கலருக்குக் கலர் காசு. எம்பிராய்டரியில தையலுக்குத் தையல் காசு. மிஷின்ல 12 ஊசி, 15 ஊசின்னு இருக்கும். ஊசிக்கு ஒரு கலர். அதனால மூணு கலர் கேட்டாலும் பெரிசா விலை ஏறாது. ஆனா, காலேஜ் எம்பளத்தோட வட்டம் பூரா நூலால நிரப்பச் சொன்னீங்கன்னா தையல் எண்ணிக்கை எகிறும், விலையும் கூடவே எகிறும். ‘ஆயிரம் தையலுக்கு இவ்வளவு’ன்னுதான் இந்தத் தொழில்ல கணக்கு. வெறும் எழுத்து, ஒரு சின்னக் கோட்டு ஓவியம்னா செலவு கட்டுக்குள்ள நிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்க டிசைன் 8,000 தையல்னு வெச்சுக்குங்க. தொப்பி மேல மிஷின் நிமிஷத்துக்கு 700 தையல் போட்டா, ஒரு தொப்பிக்கு பதினொன்றரை நிமிஷம். 60 தொப்பிக்கு, ஒரு தலை மட்டும் இருக்கிற மிஷின்ல, பதினோரு மணி நேரத்துக்கு மேல! தொப்பியை மாட்டுறது, கழட்டுறது, உள்பக்கம் தொங்குற நூலைக் கத்தரியால வெட்டுறது எல்லாம் தனி. ‘நாளைக்குக் கொடுத்துடுங்கண்ணே’ன்னு நீங்க சுலபமா சொல்லிட்டு வந்துடுவீங்க. அந்த ராத்திரி கண் முழிக்கப்போறது அந்த அண்ணன்தான். குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி கொடுங்க. பிப்ரவரி, மார்ச்ல எல்லா காலேஜும் ஒரே நேரத்துல ஓடி வரும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

பஞ்சிங் கூலி ஒரு தடவைதான். அது 600 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 12 தொப்பிக்கு ஆளுக்கு 50 ரூபாய் விழும். 60 தொப்பிக்கு ஆளுக்கு 10 ரூபாய்தான். அதனால ஒரே டிபார்ட்மென்ட்டோட ரெண்டு செக்‌ஷன் தனித்தனியா டிசைன் போட்டு மல்லுக்கட்டுறது வெட்டிச் செலவு. ஒரே டிசைன், வேற வேற கலர் தொப்பி... வேலை முடிஞ்சுது!

தமிழ்ல எழுதலாமா?

தாராளமா! ஆனா தமிழுக்கே உரிய சில விஷயங்கள் இருக்கு. தொப்பியோட முன்பக்கத்துல எழுதக் கிடைக்கிற இடம், தோராயமா 11 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். இதுல போய் ‘கணினி அறிவியல் மற்றும் பொறியியல் துறை’ன்னு ஒரே வரியில எழுதச் சொன்னா, ஒவ்வொரு எழுத்துக்கும் 6 மில்லிமீட்டர்கூட தேறாது. அந்த அளவுல ‘ணி’, ‘னி’, ‘றி’ எல்லாம் நூல் அடைச்சு ஒரே கொழுக்கட்டை ஆயிடும்!

அதைவிட ஆபத்து புள்ளியில இருக்கு. ‘ஊரப்பாக்கம்’னு எழுதிப் பாருங்க. ப், க், ம்... மூணு புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் தனித் தீவு. எழுத்தை முடிச்சு, நூலை அறுத்து, தாவிப் போய் புள்ளி வெச்சு, மறுபடி அறுத்து அடுத்த எழுத்துக்குப் போகணும் மிஷின். எழுத்து சின்னதா இருந்தா புள்ளி, துணிக்குள்ள அமுங்கி மாயமாயிடும். ‘ஊரபபாககம’னு எழுதின தொப்பியை மாட்டிக்கிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கிறதை நினைச்சுப் பாருங்க! எழுத்து உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாம வெச்சுக்குங்க. தடிமனான எழுத்துருவா எடுங்க. புள்ளியைக் கொஞ்சம் பெரிசாவே வைக்கச் சொல்லுங்க. ஒரு சொல், ரெண்டு சொல் போதும்.

தொப்பியில நடுத்தையல் இருக்கான்னும் பாருங்க. ஆறு துண்டு சேர்த்துத் தைச்ச தொப்பிக்கு நெத்திக்கு நேர் நடுவுல ஒரு தையல் மேடு ஓடும். மெல்லிய எழுத்து அது மேல ஏறினா கோணிக்கும். அஞ்சு துண்டு தொப்பிக்கு முன்பக்கம் ஒரே துணி. எழுத்து பிரதானம்னா அதுதான் வசதி.

ஃபைல் அனுப்பும்போது இன்னொரு கூத்து நடக்கும். நீங்க பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல டைப் பண்ணி அனுப்பினா, அவங்க கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துரு இல்லைன்னா திறந்ததும் ஆங்கில எழுத்தா கொட்டும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தர் பஞ்சிங் பண்ண உட்கார்ந்தா, யூனிகோடா இருந்தாக்கூட, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு சிதறினதைக் கண்டுபிடிக்க மாட்டார். எழுத்தைப் படமாவோ பி.டி.எஃப்-பாவோ மாத்தி அனுப்பிடுங்க. தலைவலி மிச்சம்.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி...

ஒண்ணு: சாம்பிள். கம்ப்யூட்டர் திரையில காட்டுற படம் சாம்பிள் கிடையாது. நீங்க வாங்கப்போற அதே தொப்பியில, அதே நூல்ல ஒண்ணு தைச்சுக் காட்டச் சொல்லுங்க. தனியா காசு கேட்டாலும் கொடுங்க. அதை மூணு பேர் படிச்சுப் பார்க்கணும். அதுல ஒருத்தர் உங்க டிபார்ட்மென்ட்டைச் சேராதவரா இருந்தா ரொம்ப நல்லது. நமக்கு மனப்பாடமான பேர்ல பிழை இருந்தா நம்ம கண்ணுக்கே தெரியாது.

ரெண்டு: பில். விலை வரியோடவா, வரி இல்லாமலான்னு முதல்லயே கேளுங்க. ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரங்களுக்கு ஜி.எஸ்.டி. பத்தி நான் சொல்லணுமா என்ன! அட்வான்ஸ் எவ்வளவு, டெலிவரி தேதி எது, பிழை வந்தா யார் பொறுப்பு... மூணும் பேப்பர்ல இருக்கட்டும்.

மூணு: ஃபைல். பஞ்சிங்குக்குக் காசு கொடுத்தது நீங்க. வேலை முடிஞ்சதும் அந்த டி.எஸ்.டி. ஃபைலை உங்க மெயிலுக்கு அனுப்பித் தருவாரான்னு அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிக்குங்க. அதுல தையல் வழி இருக்கும், கலர் விவரம் இருக்காது. அதனால நூல் கலர் எண்ணைத் தனியா குறிச்சு வெச்சுக்குங்க. அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் உங்களை வாழ்த்துவாங்க.

நாலு: அனுமதி. காலேஜ் எம்பளம் போடறதா இருந்தா நிர்வாகத்துகிட்ட கேட்டுடுங்க. பிரபல பிராண்ட் லோகோவைக் காப்பியடிச்சு ஓரத்துல வைக்கிறது ஸ்டைல் இல்லை, குற்றம். தேசியச் சின்னத்தைத் தவறா பயன்படுத்துறதுக்கு 2005-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. நாலு சிங்கத்தை விட்டுடுங்க, பாவம்!

அப்புறம், என்ன எழுதுறதுங்கிற சண்டை. உங்க தொப்பி நீங்க யாருன்னு சொல்லட்டும், அது போதும். பக்கத்து காலேஜைச் சீண்டுற வாசகத்தோட கூட்டமா மின்சார ரயில்ல ஏறினா, அது எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்.

லிஸ்ட்ல இல்லாத எட்டு பேர்

இப்ப விஷயத்துக்கு வருவோம். கிளாஸ்ல 60 பேர். 52 பேர் பணம் அனுப்பியாச்சு. எட்டு பேர் அனுப்பலை. கேட்டா, “எனக்குத் தொப்பி செட் ஆகாதுப்பா”, “முடி கொட்டும்”, “வாங்கி என்ன பண்ணப் போறேன், விடு மச்சி”...

இதுல சில பேருக்கு நிஜமாவே தொப்பி பிடிக்காது. சில பேருக்கு இது மாசக் கடைசி. ரயில் சீசன் டிக்கெட் புதுப்பிக்கணும், ரூம் வாடகைப் பங்கு தரணும், வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டா அங்கே அப்பா ஒரு நிமிஷம் பேசாம இருப்பார். அந்த ஒரு நிமிஷ மௌனத்துக்குப் பயந்தே போன் பண்ணாம இருப்பாங்க. யார் எந்த ரகம்னு துப்பறியிறது உங்க வேலை இல்லை. துப்பறியாமலேயே எல்லாரும் உள்ளே வர்ற மாதிரி ஏற்பாடு பண்றதுதான் வேலை.

எப்படி? டிசைன் போடுறதுக்கு முன்னாடி பட்ஜெட் போடுங்க. பேர் எழுதாத துண்டுச்சீட்டுல, ‘எவ்வளவு முடியும்?’னு கேட்டு ஒரு டப்பாவுல போடச் சொல்லுங்க. வர்ற தொகையில சராசரியைப் பார்க்காதீங்க, குறைஞ்ச தொகைகளைப் பாருங்க. அதுக்குத் தகுந்த மாதிரி தையலைக் குறைங்க. அதிகமா தைச்சாத்தான் அழகுன்னு யாரும் சட்டம் போடலை.

அப்பவும் இடிச்சா? பஞ்சிங் பங்கையும் சேர்த்து தொப்பிக்கு 180 ரூபாய்னு வெச்சுக்குங்க. எட்டு தொப்பிக்கு 1,440 ரூபாய். அதை 52 பேர் பகிர்ந்துக்கிட்டா ஆளுக்கு 28 ரூபாய்கூட முழுசா இல்லை. ஒரு டீ, ஒரு சமோசா! ‘தொப்பி 210 ரூபாய், இதுல 30 ரூபாய் பொது நிதி’ன்னு வெளிப்படையா சொல்லியே வசூல் பண்ணுங்க. 52 பேர்கிட்டேருந்து 10,920 ரூபாய் வரும். 60 தொப்பிக்கு 10,800 போக, கையில 120 ரூபாய் மிஞ்சும். பொது நிதி யாருக்குப் போச்சுங்கிறது மட்டும் கமிட்டியில ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். வாய் இறுக்கமான ஆளாப் பார்த்துப் பிடிங்க!

‘பணம் தராதவர்கள்’னு வாட்ஸ்அப் குரூப்புல பேர் போடுற வேலை மட்டும் வேணவே வேணாம். ஒரு தொப்பிக்காக ஒருத்தரோட மூணு வருஷச் சிரிப்பைக் கெடுத்துடுவீங்க.

பணம் பிரச்னை இல்லை, தொப்பிதான் ஒத்து வராதுன்னு சொல்றவங்களும் உண்டு. ஹிஜாப் போடுற தோழிக்கும், நிஜமாவே தொப்பி பிடிக்காத நண்பனுக்கும் அதே டிசைனை ஒரு துணி பேட்ச்சா போட்டுக் கொடுக்க முடியுமான்னு கடையில கேட்டுப் பாருங்க. பையிலேயோ ஃபைலிலேயோ தைச்சுக்கட்டும். எங்க இருந்தா என்ன, எழுத்து ஒண்ணுதானே?

மிஞ்சின 120 ரூபாயோட கமிட்டி ஆளுங்க இன்னும் கொஞ்சம் போட்டா ரெண்டு தொப்பி கூடுதலா வரும். லேப்ல மூணு வருஷமா உங்களுக்கு ஒயர் எடுத்துக் கொடுத்த அண்ணன், ‘அக்கவுன்ட்டுல எழுதிக்கிறேன் போ’ன்னு சாப்பாடு போட்ட கேன்டீன் அக்கா... அவங்க உங்க பேட்ச் இல்லைன்னு யார் சொன்னது?

தொப்பி மூட்டை வந்து இறங்குற நாள்ல, மேடை போட்டு யாரும் கொடுக்க வேணாம். பேர் கூப்பிட்டு, கையில கொடுத்து, எல்லாருமா ஒரு தடவை கைதட்டுங்க. அறுபது பேருக்கும். அறுபதுல ஒரு பேர்கூட விட்டுப் போகாம.

பின்குறிப்பு: இந்தத் தொப்பி ஹெல்மெட் ஆகாது. ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் போடாதீங்க, மேல இருக்கிற பட்டன் உச்சந்தலையில குத்தும். வண்டியில போகும்போது தொப்பி பையில, ஹெல்மெட் தலையில. சரியா?